இரு படங்களும் ஓர் உடலும்

பார்வையற்றோர் யானையைத் தடவிப் பார்த்த கதை நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். காலைத் தொட்டவர் தூண் என்றார். காதைத் தொட்டவர் முறம் என்றார். வாலைப் பிடித்தவர் கயிறு என்றார். ஒவ்வொருவரும் உண்மையின் ஒரு பகுதியையே அறிகிறோம், ஆதலால் அடக்கம் வேண்டும் என்பது இக்கதையிலிருந்து நாம் வழக்கமாகப் பெறும் பாடம். அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், கடினமான வேலை தொடங்கும் இடத்திலேயே கதை முடிந்துவிடுகிறது. அவர்கள் சண்டையை விட்டுச் சமாதானமாக அமர்ந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். தூணையும் முறத்தையும் கயிற்றையும் அருகருகே வைத்தால் யானை எழுந்து நிற்குமா? முறம் தூணுக்கு மேலா கீழா, கயிறு முன்னா பின்னா என்று யார் சொல்வது? பகுதி உண்மைகளைக் கூட்டினால் முழு உண்மை கிடைக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எப்படிக் கூட்டுவது, எதை அடிப்படையாக வைத்துக் கூட்டுவது என்று கேட்கும்போதுதான் அது அறத்தின் கேள்வியாகிறது.

இக்கேள்வியை அன்றாடத் தொழிலாகவே எதிர்கொண்டிருக்கும் துறை ஒன்று உண்டு. அது இன்றைய மருத்துவத்தின் படத்துறை. நான் பணியாற்றும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து நோயாளிகள் முதலில் பொன்னேரிக்கும், பின்னர் சென்னைக்கும் செல்கின்றனர். திரும்பும்போது அவர்கள் கையில் பெரிய உறைகள் இருக்கும். ஓர் உறையில் சி.டி. ஸ்கேன், மற்றோர் உறையில் எம்.ஆர்.ஐ., சில வேளைகளில் பெட் ஸ்கேன். "ஒரே தலையைத்தானே எடுத்தார்கள், ஏன் சாமி, படம் மட்டும் வேறு வேறாக இருக்கிறது?" என்று ஒரு தாய் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடினால் நம் குடும்ப வாழ்வுக்கும் பங்கு வாழ்வுக்கும் உரிய ஒரு பாடம் கிடைக்கிறது.

1895ஆம் ஆண்டு ரோண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்த நாள் தொட்டு, உடலைக் கீறாமல் உள்ளே பார்க்கும் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிறந்தன. 1971இல் இலண்டனில் ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாகக் காட்டிய சி.டி. ஸ்கேன், எக்ஸ்-கதிரைப் பல கோணங்களிலிருந்து செலுத்தி உடலை அடுக்கடுக்காகப் படமெடுக்கிறது. எலும்பை அது மிகத் தெளிவாகக் காட்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ வலிமை மிக்க காந்தப்புலத்தில் உடலை வைத்து, அதிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சைகைகளைப் படமாக்குகிறது. மூளை போன்ற மென்மையான உறுப்புகளின் நுண்ணிய வேறுபாடுகள் அதில் புலப்படும். பெட் ஸ்கேன் மற்றொரு வழியில் செல்கிறது. கதிரியக்கம் ஏற்றிய, சர்க்கரையை ஒத்த பொருளைச் சிறிதளவு ஊசி வழியே செலுத்துவர். புற்றுநோய் உயிரணுக்கள் பெரும்பாலும் சர்க்கரையை மிகுதியாக உட்கொள்வதால், அவை இருக்குமிடம் படத்தில் ஒளிரும். முதலிரண்டும் உறுப்பின் வடிவைச் சொல்ல, மூன்றாவது அதன் செயலைச் சொல்கிறது. ஆனால் ஒளிரும் அந்தப் புள்ளி எந்த உறுப்பின் எந்த மூலையில் உள்ளது என்பதைப் பெட் படம் தனியே தெளிவாகச் சொல்லாது.

எனவே படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி இணைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. மூளைக் கட்டிக்குக் கதிர்மருத்துவம் அளிக்கும்போது இத்தேவை உயிர்த்தேவையாகிறது. கட்டியின் விளிம்பு எம்.ஆர்.ஐ. படத்தில் தெளிவாகத் தெரிகிறது. கதிரின் அளவைக் கணக்கிடுவதோ சி.டி. படத்தின் மேல். பொருத்துவதில் சில மில்லிமீட்டர் பிசகினாலும், கட்டியின் ஒரு பகுதி தப்பிவிடலாம். பார்வை நரம்பு போன்ற நல்ல பகுதி சுடப்படலாம். படங்கள் இரண்டும் உண்மையே சொல்லியிருந்தும், சேர்த்த விதம் பொய்யானால் விளைவும் பொய்யாகிறது.

அசையாத ஒன்று

பொருத்துவதற்கு முதல் தேவை, இரு படங்களுக்கும் பொதுவான, அசையாத அடையாளம். சி.டி. ஸ்கேன் பிறப்பதற்கு முன்பே நம் சென்னையில் இப்பாடம் கற்கப்பட்டது. அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் மூளை நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய டாக்டர் பி. இராமமூர்த்தியும், அவருடன் பணியாற்றிய டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் எஸ். கல்யாணராமன், டாக்டர் டி.எஸ். கனகா ஆகியோரும் மூளையின் ஆழத்திலுள்ள ஒரு சிறு புள்ளியைச் சட்டத்தின் துணையால் சென்றடையும் அறுவை முறையில் இந்நாட்டின் முன்னோடிகளாயினர். அம்முறையில் நோயாளியின் மண்டையோட்டில் ஓர் உலோகச் சட்டத்தை இறுக்கிப் பொருத்துவர். எக்ஸ்-கதிர்ப் படம், மூளையின் வரைபட ஏடு, மருத்துவரின் கருவி ஆகிய மூன்றும் அந்தச் சட்டத்தையே அளவுகோலாகக் கொள்ளும். மூளை கண்ணுக்குத் தெரியாது, சட்டம் தெரியும். தெரிகின்ற அசையாததைக் கொண்டு தெரியாததன் இடத்தை அறிந்தனர்.

கடலோர மக்களுக்கு இது புதிய கலையன்று. நீருக்கடியில் மீன் கூடும் பாரின்மேல் மீண்டும் வந்து நிற்க விரும்பும் மீனவர், கரையிலுள்ள இரு அடையாளங்களை ஒரே நேராக வரச் செய்வார்; வேறு திசையில் இன்னும் இரண்டை அவ்வாறே நேராக்குவார்; இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வலையை இறக்குவார். கலங்கரை விளக்கம்போல் அசையாதது ஏதேனும் கரையில் இருந்தால்தான் அலையில் ஆடும் படகுக்கு இடம் தெரியும்.

ஒத்துப்போவது எப்படி?

ஆனால் எல்லா நோயாளிகளின் மண்டையிலும் சட்டம் பூட்ட முடியாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு இயந்திரத்தில் எடுத்த படங்களைக் கணினி தானே பொருத்த வேண்டுமானால் என்ன செய்வது? ஒன்றுபோல் தெரியும் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் போதும் என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். சி.டி. படத்தில் வெண்மையாய் ஒளிரும் எலும்பு எம்.ஆர்.ஐ. படத்தில் கறுத்துக் கிடக்கும். ஒன்றில் ஏறத்தாழ ஒரே நிறமாய்த் தெரியும் மூளை, மற்றொன்றில் வெண்பகுதி, சாம்பல்பகுதி என்று பிரிந்து தெரியும். நிறத்தைப் பார்த்துச் சேர்க்கப் போனால் இரண்டும் ஒருபோதும் சேரா.

1995ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழுவும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்களும் ஏறத்தாழ ஒரே வேளையில் ஒரே விடையைக் கண்டனர். கிளாடு ஷானன் 1948இல் வகுத்த தகவல் கோட்பாட்டிலிருந்து எடுத்த விடை அது. இரு படங்களும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று அவர்கள் கேட்கவில்லை. ஒரு படத்தில் ஓர் இடம் எவ்வளவு வெளிச்சம் என்று தெரிந்தால், மற்றப் படத்தில் அதே இடம் எப்படியிருக்கும் என்பதை ஊகிக்க அது எவ்வளவு துணை செய்கிறது என்று கேட்டனர். படங்கள் சரியாகப் பொருந்தியிருந்தால், ஒன்றில் வெண்மை வருமிடத்தில் மற்றொன்றில் தவறாமல் கருமை வரும். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. ஆயினும் அவை ஒன்றையொன்று விளக்கும். பொருத்தம் பிசகினால் அந்த ஒழுங்கு சிதறிவிடும். ஒன்றால் மற்றொன்று மிகுதியாக விளங்கும் நிலை வரும்வரை படத்தை நகர்த்துவதே அவர்கள் கண்ட வழி.

இதில் ஓர் ஆழ்ந்த உண்மை அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இரு சாட்சிகள் ஒத்துப்போகிறார்கள் என்றால் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள் என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் தானியேல் நூலின் இணைப்பில் வரும் சூசன்னாவின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். மூப்பர் இருவரும் ஒரே கதையை, ஒரே குரலில் சொன்னார்கள், சபையும் நம்பிவிட்டது. இளைஞர் தானியேல் அவர்களைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று இடத்தைக் கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். ஒன்றுபோல் இருந்த சாட்சியம் அசையாத ஓர் அடையாளத்தின்மேல் வைத்துப் பார்க்கப்பட்டபோது உடைந்துபோயிற்று.

இதன் மறுபக்கமும் நம் மரபில் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் தத்தியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் பின்னி ஒரே தொடர் வரலாறாக்கினார். சிரிய மொழித் திருச்சபைகளில் அது நெடுங்காலம் வழிபாட்டிலும் வாசிக்கப்பட்டது. ஆயினும் திருச்சபை இறுதியில் நான்கையும் நான்காகவே காத்துக்கொண்டது. மத்தேயுவைக் கொண்டு லூக்காவை விளங்கிக்கொள்ளலாம். லூக்காவை அழித்துவிட்டு மத்தேயுவுக்குள் கரைத்துவிடலாகாது. நல்ல மருத்துவரும் அவ்வாறே செய்கிறார். வண்ணமயமான இணைப்புப் படத்தைப் பார்த்தபின், சேர்க்கப்படாத மூலப் படங்களுக்குத் திரும்பிச் சென்று சரிபார்க்கிறார். ஏனெனில் தவறாகப் பொருத்திய படமும் சரியாகப் பொருத்திய படம்போலவே அழகாயிருக்கும்.

வளைவதற்கும் எல்லை உண்டு

மூளை மண்டையோட்டுக்குள் அடங்கியிருப்பதால் அதன் படங்களைப் பொருத்துவது ஓரளவு எளிது. மூன்று திசைகளில் நகர்த்தலும் மூன்று அச்சுகளில் திருப்பலும் ஆக ஆறு எண்கள் போதும். நுரையீரலும் கல்லீரலும் அப்படியல்ல; மூச்சுக்கு மூச்சு அவை இடமும் வடிவும் மாறுகின்றன. பெட், சி.டி. இரண்டையும் ஒரே இயந்திரத்தில் சேர்த்த முதல் மாதிரியை டேவிட் டவுன்செண்டும் ரொனால்டு நட்டும் உருவாக்க, 1998இல் அது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. நோயாளி ஒரே படுக்கையில் கிடக்கும்போதே இரண்டு படங்களும் எடுக்கப்படுகின்றன. அப்போதும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. சி.டி. சில நொடிகளில் முடிந்துவிடும். பெட் பல நிமிடங்கள் எடுக்கும். நோயாளி மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருப்பார். அதனால் கல்லீரலின் உச்சியிலுள்ள கட்டி, இணைப்புப் படத்தில் நுரையீரலின் அடியில் இருப்பதுபோல் தோன்றக்கூடும். ஒருவர் ஒரு நொடியில் கண்டதையும் மற்றொருவர் நெடுநேரம் உடனிருந்து கண்டதையும் அப்படியே ஒட்டினால் இதுதான் நேரும்.

இதைச் சரிசெய்யப் படத்தை இழுத்தும் வளைத்தும் பொருத்தும் முறைகள் வந்தன. அவற்றிலும் ஓர் ஆபத்து உண்டு. கட்டுப்பாடின்றி வளைக்கவிட்டால் எந்தப் படத்தையும் எந்தப் படம்போலவும் ஆக்கிவிடலாம். சிகிச்சைக்கு முன் பெரிதாயிருந்து இப்போது சுருங்கியுள்ள கட்டியைக் கணினி மீண்டும் பழைய அளவுக்கு இழுத்துக் காட்டும். உண்மையான மாற்றம் மறைந்துபோகும். ஆதலால் உடலின் இயல்புக்கு மீறி வளையாதபடி எல்லை வகுக்கின்றனர். சற்றும் வளையாதவர் யாருடனும் சேர முடியாது. எவ்வளவும் வளைபவர் சேர்ந்தும் பயனில்லை, ஏனெனில் தம்மிடமிருந்த உண்மையை அவர் வழியிலேயே தொலைத்துவிடுகிறார்.

யார் அசைவது?

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். இரு படங்களைப் பொருத்தும்போது ஒன்றை நிலையாக வைத்து, மற்றதையே அசைக்கின்றனர். எதை நிலையாக வைப்பது? கதிர்மருத்துவத்தில் சி.டி. படம் நிலையாய் இருக்க, எம்.ஆர்.ஐ. படம் அதனிடம் கொண்டுவரப்படுகிறது. கட்டியைத் தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. என்றால் அதையே அடிப்படையாகக் கொள்ளக்கூடாதா? கூடாது. சிகிச்சையின்போது நோயாளி எந்த நிலையில் படுப்பாரோ அந்த நிலையில் எடுத்தது அந்தச் சி.டி. படம், கதிர் எவ்வாறு உட்புகும் என்பதும் அதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. மிகுதியாக அறிந்த படம், விளைவு விழப்போகும் படத்தை நோக்கி நகர்கிறது.

இதையே அறத்தின் விதியாக நான் முன்வைக்கிறேன். பல உண்மைகளைச் சேர்த்து முடிவெடுக்கும்போது, அம்முடிவின் சுமை யார் மேல் விழுமோ அவரே நிலையான அடிப்படை. மற்றவர்கள் எவ்வளவு அறிந்தவர்களாயினும் தம் அறிவைச் சுமந்துகொண்டு அவரிடம் வர வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். தகப்பனுக்கு வந்த நோய் என்ன என்பது தகப்பனைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மருத்துவர் மூத்த மகனிடம் பேசுவார். மகன் தாயிடம் பாதி சொல்வார். தாய் அக்கம்பக்கத்தாரிடம் அழுவார். நோயாளியின் காதுக்கு வருவது "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்ற சொல் மட்டுமே. இதில் எவரும் பொல்லாதவர் இல்லை. மருத்துவர் அறிந்தது உண்மை; மகனின் கடன் கவலை உண்மை; தாயின் அச்சமும் உண்மை. ஆனால் இவை அனைத்தும் பணம் கட்டுபவரை அல்லது உரக்கப் பேசுபவரை நிலையாக வைத்துப் பொருத்தப்படுகின்றன. கதிர் விழப்போகும் உடலோ, எல்லாருடைய வசதிக்கும் ஏற்ப அங்குமிங்கும் நகர்த்தப்படுகிறது.

குப்பம் ஒன்றில் முதிய மீனவர் ஒருவருக்கு மூளையில் கட்டி. பெயரும் ஊரும் வேண்டா. படகையும் இயந்திரத்தையும் விற்றாவது நீண்ட சிகிச்சை அளிப்பது என்று ஒரு மகனும், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்று மற்றொரு மகனும் வாரக்கணக்கில் வழக்காடினர். அவரைப் பார்க்கச் சென்றபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, எனக்கு எல்லாம் தெரியும். எத்தனை நாள் இருப்பேன் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கை வலை கட்டுமா, கட்டாதா? அதை மட்டும் டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். அக்கேள்வி எந்த ஸ்கேன் படத்திலும் இல்லை. மகன்களின் வழக்கிலும் இல்லை. அது மருத்துவரிடம் சென்றதும் அவருடைய பேச்சு மாறியது. குறைந்த நாட்களில் முடியும் சிகிச்சை ஒன்றைப் பற்றியும், அதனால் கையின் வலிமை எவ்வளவு காக்கப்படலாம் என்பது பற்றியும் நோயாளியிடமே விளக்கினார். படகு விற்கப்படவில்லை, சிகிச்சையும் கைவிடப்படவில்லை. நோய் தீரவில்லைதான். ஆனால் எஞ்சிய மாதங்களில் பல நாட்கள் அவர் திண்ணையில் அமர்ந்து பேரனுக்கு வலை கட்டக் கற்றுக்கொடுத்தார்.

நோயாளி சொல்வதெல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். இல்லை. நிலையான படம் எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டும் படமாக இருக்க வேண்டியதில்லை. கட்டியின் விளிம்பைச் சி.டி. சரியாகக் காட்டாது, அதற்காகவே எம்.ஆர்.ஐ. வருகிறது. அதுபோல நோயாளியின் அச்சமும் அறியாமையும் திருத்தப்பட வேண்டியவையாக இருக்கலாம். மருத்துவரின் அறிவு அவருக்கு இன்றியமையாதது. அந்த அறிவு அவர் இருக்குமிடத்துக்கு வர வேண்டும் என்பதே நாம் கேட்பது. அவர் நினைவிழந்து பேச இயலாத நிலையிலும், அவர் எதை விரும்பியிருப்பார் என்பதே உறவினரின் கேள்வியாக இருக்க வேண்டும்.

திருச்சபையின் போதனையும் இத்திசையிலேயே நிற்கிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பர் 24 அன்று மருத்துவர்களிடம் உரையாற்றுகையில், நோயாளியின் மேல் மருத்துவருக்குள்ள உரிமை நோயாளி வழங்கும் இசைவின் அளவினதே என்று தெளிவுபடுத்தினார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பெருஞ்சுமையான சிகிச்சைகளைப் பற்றிய முடிவை, இயலுமாயின் நோயாளியே எடுக்க வேண்டும் என்று கற்பிக்கிறது. இவற்றுக்கெல்லாம் வேர் எரிகோவின் சாலையோரத்தில் உள்ளது. பர்த்திமேயுவுக்கு என்ன வேண்டும் என்பது அவ்வழியே போனவர் எவருக்கும் தெரிந்திருக்கும். ஆண்டவருக்கோ இன்னும் நன்றாகத் தெரியும். ஆயினும் அவர் நின்று, அவரை அழைத்து, அவரையே கேட்கிறார். கூட்டம் முழுவதும் அந்த ஒரு மனிதருக்காக நிற்க வேண்டியதாயிற்று.

இவ்விதி நோயாளியின் கட்டிலோடு முடிந்துவிடுவதில்லை. எங்கள் ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1997 செப்டம்பர் 29 அன்று விண்ணில் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1டி செயற்கைக்கோளில் இரு வகைக் கண்கள் இருந்தன. ஒன்று ஏறத்தாழ 6 மீட்டர் நுட்பத்தில் கறுப்பு வெள்ளையாகவும், மற்றது ஏறத்தாழ 23 மீட்டர் நுட்பத்தில் பல நிறங்களிலும் நிலத்தைப் பார்த்தன. இரண்டையும் பொருத்தி, கூர்மையும் நிறமும் சேர்ந்த வரைபடங்களைச் செய்தனர். ஏரியின் பரப்பையும் மணல்மேடுகளையும் வானிலிருந்து காட்டும் இத்தகைய படங்கள் பெரும் பயனுடையவை. முகத்துவாரம் மண்மூடும் காலத்தில் இறாலுக்கு என்ன ஆகும், எந்தக் குப்பத்தின் அடுப்பு அணையும் என்பவற்றை ஏரியில் நிற்பவர்தாம் அறிவர். ஏரியைப் பற்றி எவர் எந்தத் திட்டம் தீட்டினாலும், அதன் விளைவு இக்குப்பங்களின் மேல் விழும் என்றால், வரைபடம்தான் குப்பத்திடம் வர வேண்டும்.

அன்பு வாசகரே, உங்கள் வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கலாம். முதியோர் ஒருவரை எங்கே வைத்துக் காப்பது என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். ஒரு பெண்ணின் திருமணத்தை முடிவுசெய்யப் பெரியவர்கள் கூடியிருக்கலாம். அறிந்தவர்கள் பலர் பேசுவார்கள். பெரும்பாலும் உண்மையே பேசுவார்கள். அப்பேச்சைச் சற்றே நிறுத்தி, முடிவு யார் மேல் விழுமோ அவரைக் கூடத்துக்கு அழைத்து உட்காரவைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். அதன்பின் உங்களுக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்லுங்கள்.